ஸ்பானிஷ் நிகழ்கால வினைகள்: தாயக்கட்டையோடு ஆறு வாரம்

எடுத்துக்கொண்ட வேலை சின்னது. ஸ்பானிஷில் ஒழுங்கான வினைச்சொற்களை நிகழ்காலத்தில், தன்மை, முன்னிலை, படர்க்கை எதைக் கேட்டாலும் தடுமாறாமல் சொல்ல வரணும். இறந்தகாலம் இந்தக் கணக்கில் இல்லை. நாளைக்கு 20 நிமிஷம், வாரத்துக்கு ஆறு நாள், மொத்தம் ஆறு வாரம். தேவைப்பட்ட சாமான்: கோடு போட்ட நோட்டு ஒன்று, போனில் இருக்கிற வாய்ஸ் ரெக்கார்டர், பரணில் கிடந்த பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி.

இங்கே ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பதால் இரண்டு விஷயம் முதலிலேயே. நெடில் வருகிற இடத்தில்தான் அழுத்தம். மற்ற உயிரெல்லாம் குறில். இழுத்துப் பாட வேண்டாம், அந்த அசையைக் கொஞ்சம் தூக்கிச் சொன்னால் போதும். அடுத்து, அப்லார், பெபேர், பிபீர் இவற்றில் வரும் ப எல்லாம் ‘தம்பி’யில் வரும் ப. நோட்டில் எழுதும்போது மட்டும் ரோமன் எழுத்துதான். ஏன் என்று ஐந்தாம் வாரத்தில் வரும்.

முதல் வாரம்

ஸ்பானிஷ் அகராதியில் வினைச்சொல் மூன்று விதமாகத்தான் முடியும்: ஆர், ஏர், ஈர். அப்லார் என்றால் பேசுவது, கொமேர் சாப்பிடுவது, பிபீர் வசிப்பது. அந்த முடிவை வெட்டினால் மிஞ்சுவது பகுதி. அதோடு ஆளுக்கேற்ற விகுதியை ஒட்டினால் வேலை முடிந்தது.

பள்ளிக்கூடத்தில் படித்த பகுபத உறுப்பிலக்கணத்தை இங்கே தூசி தட்டலாம். பேசுகிறேன் = பேசு + கிறு + ஏன். ஸ்பானிஷில் ‘கிறு’வுக்கு வேலையில்லை. காலத்தையும் ஆளையும் ஒரே விகுதி சுமக்கிறது. இங்கிலீஷ் வழியாகப் போனால் இந்த விகுதி மாற்றமே பெரிய அதிசயமாகத் தெரியும், ‘நான்’, ‘நீ’ என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் வைக்கத் தோன்றும். தமிழில் ‘பேசுறேன்’ என்றாலே யார் என்று தெரிந்துவிடுகிறது. ஸ்பானிஷும் அப்படித்தான். அதனால் நோட்டின் இடது பக்கத்தில் தமிழ், அதுவும் நாம் வீட்டில் பேசுகிற தமிழ்:

பேசுறேன் – ஆப்லொ
பேசுற – ஆப்லஸ்
பேசுறான், பேசுறா, பேசுறாரு – ஆப்ல
பேசுறோம் – அப்லாமொஸ்
பேசுறீங்க, பல பேரிடம் – அப்லாய்ஸ்
பேசுறாங்க, பல பேர் – ஆப்லன்

கொமேர்: கோமொ, கோமெஸ், கோமெ, கொமேமொஸ், கொமேய்ஸ், கோமென். பிபீர்: பீபொ, பீபெஸ், பீபெ, பிபீமொஸ், பிபீஸ், பீபென்.

18 கட்டம். இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தால் நாலாம் நாள் ஏர்-உம் ஈர்-உம் ஒன்றோடொன்று குழம்பும், நிச்சயம். அதற்குப் பதில் பிரித்துப் பார்க்கணும். உண்மையான விகுதி ஐந்தே ஐந்து: ஒ, ஸ், மொஸ், இஸ், ன். படர்க்கை ஒருமைக்கு விகுதியே கிடையாது. பகுதிக்கும் விகுதிக்கும் நடுவில் சாரியை மாதிரி ஓர் உயிர் நிற்கிறது: ஆர் வினைக்கு அ, ஏர் வினைக்கு எ, ஈர் வினைக்கு இ. ‘ஒ’ வரும்போது அந்த உயிர் காணாமல் போய்விடும். ஈர் வினையில் மட்டும் ஒரு சங்கதி: அழுத்தம் தன்மேல் விழுந்தால்தான் அது இ-யாக நிற்கும், விழாவிட்டால் எ-யாக மாறிவிடும். அதனால்தான் பிபீமொஸ், பிபீஸ் இரண்டில் மட்டும் இ. மற்ற இடமெல்லாம் கொமேரின் அச்சு அசல். பிபீஸில் இரண்டு இகரம் சேர்ந்து ஒன்றாகிவிட்டது. இது பிடிபட்ட பிறகு கட்டம் போட்டு மனப்பாடம் செய்யும் வேலை நின்றது.

எடுத்துக்கொண்ட வினைகள் 12. ஆர் வகையில் ஆறு: அப்லார், வேலை செய்ய த்ரபஹார், வாங்க கொம்ப்ரார், காசு கொடுக்க பகார், வந்து சேர யெகார், காத்திருக்க எஸ்பெரார். ஏர் வகையில் மூன்று: கொமேர், குடிக்க பெபேர், விற்க பெந்தேர். ஈர் வகையில் மூன்று: பிபீர், திறக்க அப்ரீர், எழுத எஸ்க்ரிபீர். 12 வினை, தலைக்கு 6 வடிவம், ஆக 72. முதல் வாரத்துக்கு இதற்கு மேல் சேர்த்தால் எதுவும் தங்காது.

தாயக்கட்டைக் கணக்கு

ஆறு முகப் பகடை இருந்தால் ஆளுக்கொரு எண் கொடுத்து உருட்டலாம். ஆனால் பகடையில் எல்லாம் சமமாக விழும். பேச்சில் அப்படி இல்லை. தாயக்கட்டை இந்த விஷயத்தில் கெட்டி. ஒவ்வொரு கட்டையிலும் 0, 1, 2, 3. இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் 3 விழ நாலு வழி, 2-க்கும் 4-க்கும் மூன்று மூன்று, 1-க்கும் 5-க்கும் இரண்டு இரண்டு, 6-க்கு ஒன்று, இரண்டும் வெறுமையாக விழுகிற 12-க்கு ஒன்று.

எனவே 3 விழுந்தால் படர்க்கை ஒருமை, ஆப்ல. அதுதான் அதிகம் தேவைப்படுவது, மரியாதைப் பேச்சும் அதில்தான் அடக்கம். 2 தன்மை ஒருமை. 4 ‘நாம்’; தப்பு அதிகம் நடக்கிற இடம் என்பதால் அதற்கு மூன்று வழி. தாயம் விழுந்தால் ‘நீ’. 5 ‘அவங்க’. 6 பன்மை முன்னிலை, அதாவது அப்லாய்ஸ், கொமேய்ஸ், பிபீஸ். இது பெரும்பாலும் ஸ்பெயினில்தான் புழங்குகிறது, லத்தீன் அமெரிக்காவில் உஸ்தேதெஸ் என்று சொல்லி ஆப்லன் வடிவத்தையே போட்டுவிடுவார்கள். 12 விழுந்தால் வினையை மாற்று. ஓர் அமர்வுக்கு 48 உருட்டு. உருட்டி மூன்று விநாடிக்குள் வாய் திறக்கணும். யோசித்துச் சொன்னால் அது கணக்கில் சேராது.

‘நாம்’, ‘நாங்கள்’ என்ற பிரிவு ஸ்பானிஷில் கிடையாது. கேட்பவரைச் சேர்த்தாலும் விட்டாலும் அப்லாமொஸ்தான். ஒரு தலைவலி குறைந்தது.

இரண்டாம் வாரம்: அழுத்தம்

பெரும்பாலான தப்பு இங்கேதான், எழுத்தில் இல்லை, வாயில். தமிழில் அழுத்தம் மாறினால் அர்த்தம் மாறாது. ஸ்பானிஷில் மாறும். யேகொ என்றால் ‘வந்து சேர்றேன்’. யெகோ என்றால் ‘அவர் வந்து சேர்ந்தார்’. ஆளும் மாறிவிட்டது, காலமும் மாறிவிட்டது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறவரிடம் போனில் இரண்டாவதைச் சொன்னால் அவர் யாரோ வந்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார். பாகொ ‘காசு கொடுக்கிறேன்’, பகோ ‘அவர் கொடுத்தார்’. கோம்ப்ரொ, கொம்ப்ரோ, எஸ்பேரொ, எஸ்பெரோ, எல்லாம் இதே கதை.

ஆனால் நமக்குக் குறில் நெடில் காது பிறவியிலேயே இருக்கிறது. படு, பாடு, கொடு, கோடு என்று ஒரு மாத்திரையில் அர்த்தத்தைப் பிரிக்கிற காது. அதையே இங்கே கருவியாக்கினால் போச்சு. ரெக்கார்டரில் ‘யேகொ, யெகோ’ என்று பத்து முறை மாற்றி மாற்றிப் பதிந்து, மறுநாள் காலை கேட்டு எது எது என்று சொல்ல முடிகிறதா பார்க்கணும். அன்றைக்கே கேட்டால் ஞாபகம் ஏமாற்றும்.

விதி எளிது: நாலு வடிவத்தில் அழுத்தம் பகுதியின்மேல், ‘நாம்’ வடிவத்திலும் பன்மை முன்னிலையிலும் மட்டும் அது பின்னால் நகரும். ஆப்லொ, ஆப்லஸ், ஆப்ல, ஆப்லன். பிறகு அப்லாமொஸ், அப்லாய்ஸ். நம் வாய் முதல் அசையிலேயே தங்கப் பார்க்கும், ‘ஆப்லமொஸ்’ என்று வரும். மேசையில் தட்டிக்கொண்டே சொல்வது உதவியது. மேசை என்ற சொல் போர்த்துகீசியரிடமிருந்து நமக்கு வந்தது. ஸ்பானிஷிலும் அது மேச-தான்.

அப்லாமொஸ் என்பதற்கு ‘பேசினோம்’ என்றும் அர்த்தம் உண்டு. ஆர், ஈர் வினைகளில் நிகழ்காலமும் இறந்தகாலமும் ‘நாம்’ வடிவத்தில் ஒன்றாகவே இருக்கும், பக்கத்தில் நிற்கும் ‘நேத்து’, ‘இப்ப’ தான் பிரித்துக் காட்டும். ஏர் வினையில் இந்தச் சிக்கல் இல்லை: கொமேமொஸ் சாப்பிடுறோம், கொமீமொஸ் சாப்பிட்டோம்.

இதே வாரத்தில் கண்ட இன்னும் இரண்டு வாய்க் கோளாறு. ஒன்று, பஸ்ஸு, காரு என்று கடைசியில் உகரம் சேர்க்கிற பழக்கம். ஆப்லஸ் ‘ஆப்லஸு’ ஆகிறது, அப்லார் ‘அப்லாரு’ ஆகிறது. கேட்கிறவருக்கு ஓர் அசை கூடுதலாக விழுவதால் அழுத்தமும் இடம் மாறின மாதிரி தெரியும். இரண்டாவது இன்னும் நுணுக்கம். பேச்சில் ‘அவன்’ என்பதன் ன்-ஐ நாம் முழுசாகச் சொல்வதில்லை, மூக்கால் விட்டுவிடுகிறோம். ஆப்லன் அப்படி மூக்கோடு போனால் எதிரே இருப்பவர் காதில் ஆப்ல என்றுதான் விழும். பன்மை போய் ஒருமையாகிவிடும். நாக்கு நுனி மேலே ஒட்டி நிற்கணும்.

நமக்குச் சாதகமானதும் உண்டு. ஸ்பானிஷ் த பல்லில் படுகிற த, நம்முடையதே. பகார் என்பதன் க, ‘பகல்’ என்பதில் வருகிற க. இங்கிலீஷ் பழக்கத்தில் பிபீரை ‘விவீர்’ என்று சொல்வதை மட்டும் நிறுத்தினால் போதும்.

மூன்றாம் வாரம்: ‘அம்மா பேசுறாங்க’

ஒப்பிப்பதில் தப்பு குறைந்து, வாக்கியம் சொல்ல ஆரம்பித்ததும் புதுத் தப்பு கிளம்பியது. காரணம் நம் மரியாதை.

வீட்டில் ‘அம்மா பேசுறாங்க’ என்கிறோம். ஒரே ஆள், வடிவம் பன்மை. அதை அப்படியே எடுத்துப்போனால் ‘மி மாத்ரெ ஆப்லன்’ என்று வரும். தப்பு. ஒரு அம்மா, ஒருமை: மி மாத்ரெ ஆப்ல. பூக்காரம்மா மல்லிகை விக்கிறாங்க: ல சென்யோர பேந்தெ ஹஸ்மீன். பேந்தென் இல்லை. வாத்தியார், தாத்தா, டாக்டரம்மா யாராக இருந்தாலும் தலையை எண்ணித்தான் விகுதி போடணும்.

‘நீங்க’ இதைவிட மோசம். ஒரு பெரியவரிடம் ‘நீங்க எங்க வேலை பாக்குறீங்க’ என்று கேட்கிறபோது நம் மனசு பன்மை முன்னிலையைத் தேடி ‘த்ரபஹாய்ஸ்’ என்று எடுக்கும். ஸ்பானிஷில் ஒருவரை மரியாதையாக விளிக்க உஸ்தேத். அதற்குப் படர்க்கை ஒருமை வடிவம்: த்ரபாஹ. நேரே நிற்பவரிடம் ‘அவர் வேலை பாக்குறாரு’ என்று சொல்கிற மாதிரி இருக்கும், கூச்சமாகவும் இருக்கும். பழகணும். இந்த இடத்தில் மட்டும் உஸ்தேத் என்ற சொல்லை விடாமல் சேர்ப்பது நல்லது, இல்லாவிட்டால் அவரையா, அங்கே போகிற இன்னொருவரையா என்று குழப்பம் வரும். பல பேர் என்றால் உஸ்தேதெஸ் த்ரபாஹன்.

இதைச் சரிசெய்ய நோட்டில் தமிழ்ப் பக்கத்தை மாற்றி எழுதியாச்சு. ‘பேசுறாங்க’ என்பதற்கு எதிரே இரண்டு வரி: ஒரு ஆள் என்றால் ஆப்ல, ரெண்டு பேரோ அதுக்கு மேலோ என்றால் ஆப்லன். ‘பேசுறீங்க’ என்பதற்கு எதிரே மூன்று வரி. முதல் வாரத்தில் போட்ட ஒற்றை வரிப் பட்டியல்தான் இந்தத் தப்புக்கு வித்திட்டது, புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளிலிருந்தே இப்படி எழுதிக்கொள்ளலாம்.

ஆண்பால் பெண்பால் விகுதி இல்லாதது கொஞ்ச நாள் வெறுமையாக இருக்கும். பேசுறான், பேசுறா, மாடு மேயுது எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம்.

நாலாம் வாரம்: குடிப்பேன், குடிக்கலை

தினமும் காலையில் காபி குடிப்பேன். இந்த ‘குடிப்பேன்’ எதிர்கால வடிவம், ஆனால் சொல்வது வழக்கத்தை. ஸ்பானிஷில் வழக்கத்துக்கு நிகழ்காலம்தான்: பேபொ கஃபே. கோயில் நடை சாயங்காலம் 4 மணிக்குத் திறக்கும் என்பதற்கு எல் தேம்ப்லொ ஆப்ரெ அ லஸ் க்வாத்ரொ. கறி சாப்பிடுவீங்களா என்று ஒருவரிடம் கேட்க, உஸ்தேத் கோமெ கார்னெ. தமிழில் ‘ப்ப்’, ‘வ்’ கேட்டவுடன் எதிர்காலத்தைத் தேடக் கூடாது. தினமும் நடப்பதா, ஒருநாள் நடக்கப்போவதா என்று ஒரு கணம் நிறுத்திக் கேட்டுக்கொள்ளணும்.

எதிர்ப் பக்கம் ஒரு சலுகை. ‘நாளைக்குப் பேசுறேன்’ என்று நாம் நிகழ்காலத்திலேயே நாளையைச் சொல்கிறோம் இல்லையா, ஸ்பானிஷும் அதை ஏற்கும்: மன்யான ஆப்லொ.

மறுத்துச் சொல்வதில் வேறு குழி. பேசலை என்ற சொல்லுக்கு ஆள் அடையாளமே கிடையாது. நான் பேசலை, நீ பேசலை, அவங்க பேசலை. அதே பழக்கத்தில் ஸ்பானிஷிலும் விகுதி கழன்றுவிடும், ‘நொ அப்லார்’ என்று மொட்டையாக வரும். ஸ்பானிஷில் நொ என்று முன்னால் வைத்தாலும் விகுதி அப்படியே இருக்கணும்: நொ ஆப்லொ, நொ ஆப்லஸ், நொ ஆப்லன். இந்த வாரம் முழுக்க 48 உருட்டில் பாதியை ‘நொ’வோடு சொல்வது என்று வைத்ததில் மூன்றாம் நாளே சரியானது.

ஐந்தாம் வாரம்: ஒழுங்கு மாதிரி நடிப்பவை

நடை திறப்பதற்குச் சொல் இருக்கிறது, சாத்துவதற்கு? செர்ரார். ஆர் வினைதானே என்று ‘சேர்ர’ என்றால் தப்பு. சியேர்ர. பகுதியில் இருக்கும் எ அழுத்தம் வாங்கும்போது இயே ஆகிறது: சியேர்ரொ, சியேர்ரஸ், சியேர்ர, சியேர்ரன். அழுத்தம் பின்னால் நகர்கிற இரண்டில் பழையபடி: செர்ராமொஸ், செர்ராய்ஸ். இரண்டாம் வாரம் பார்த்த அதே நாலும் இரண்டும். விகுதிகளில் ஒன்றும் மாறவில்லை. அழுத்தம் கைவந்தவர்களுக்கு இந்த வகை வினைகள் பாதி தெரிந்த மாதிரி. இந்த ஆறு வாரத்தில் அவற்றைப் பட்டியலில் சேர்க்கவில்லை, அடையாளம் தெரிந்துகொண்டு ஒதுக்கினோம்.

இன்னொரு வகை பேச்சில் ஒழுங்கு, எழுத்தில் மட்டும் வேறு. ரெகொஹேர் என்றால் பொறுக்கி எடுக்க, சேகரிக்க. ரெகோஹொ, ரெகோஹெஸ், ரெகோஹெ. தமிழில் எழுதினால் ஒரு மாற்றமும் தெரியாது. ரோமன் எழுத்தில் ‘சேகரிக்கிறேன்’ வடிவத்துக்கு மட்டும் ஜி போய் ஜே வரும், ஏனென்றால் ஜி-க்குப் பின் ஓ வந்தால் ஒலி க-வாகிவிடும். நோட்டில் ரோமன் எழுத்து வேண்டும் என்றது இதற்குத்தான். தமிழ் எழுத்திலேயே பழகியவர்களுக்கு ப எங்கே வல்லினம், எங்கே மெல்லிசு என்பதும் பதினைந்து நாளில் மறந்துபோகும்.

குஸ்தார் இந்த வாரத்தின் பரிசு. ‘எனக்குப் பிடிக்கும்’ என்ற நம் அமைப்பேதான்: மெ கூஸ்த. எனக்கு ஜிகர்தண்டா பிடிக்கும்: மெ கூஸ்த எல் ஜிகர்தண்டா. இங்கிலீஷ்காரர்கள் தலைகீழாக நின்று படிக்கிற இடம் இது. ஒரே எச்சரிக்கை: பிடித்த பொருள் பலவாக இருந்தால் மெ கூஸ்தன். மெ கூஸ்தன் லஸ் ஃப்ளோரெஸ், எனக்குப் பூக்கள் பிடிக்கும். தமிழில் ஒன்றோ பலவோ ‘பிடிக்கும்’ மாறாததால் அந்த ன் விட்டுப்போகிறது.

ஆறாம் வாரம்

இனி தனி வடிவம் கிடையாது, உருட்டினால் வாக்கியம். கோயில் வாசலில் வெளியூர்க்காரரிடம் சொல்ல வேண்டியவற்றையே எடுத்துக்கொண்டோம். செருப்பை இங்க விடுறோம்: தெஹாமொஸ் லொஸ் சப்பாத்தொஸ் அக்கீ. நம் சப்பாத்தும் அந்தச் சப்பாத்தொவும் ஒரே குடும்பம் என்பதால் இந்த வாக்கியம் யாருக்கும் மறக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம்: எஸ்பெராமொஸ் எல் அவ்த்தொபூஸ். இங்கே ‘க்கு’ என்ற உருபுக்கு எதுவும் வைக்க வேண்டாம், வினை நேராகப் பஸ்ஸைப் பிடித்துக்கொள்ளும். மதுரையில் வசிக்கிறேன்: பீபொ என் மதுரை. இதில் ஈகாரத்தை நழுவவிட்டு ஏகாரமாக்கினால் ‘பேபொ என் மதுரை’, மதுரையில் குடிக்கிறேன் என்றாகும். தேவையா?

வார முடிவில் 72 வடிவத்தையும் நோட்டைப் பார்க்காமல் எழுதியும், ரெக்கார்டரில் சொல்லியும் சோதித்தாச்சு. ஆர் வினைகளில் தயக்கம் இல்லை. ‘நாம்’ வடிவத்தில் கொமேமொஸ், பிபீமொஸ் இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. தடுக்கிறது ஓர் இடம்: பிபீஸ், அப்ரீஸ், எஸ்க்ரிபீஸ். ‘ஈஸ்’ வரவேண்டிய இடத்தில் ‘எய்ஸ்’ வருகிறது. காரணம் தாயக்கட்டைதான், 6 விழ 16-ல் ஒரே வழி, 48 உருட்டில் சராசரியாக மூன்று முறை, அதிலும் ஈர் வினை அமைவது ஒன்றுக்கும் குறைவு. ஏழாம் வாரத்துக்கு 3-ஐயும் 6-ஐயும் இடம் மாற்றி, ஈர் வினைகளை மட்டும் வைத்து உருட்டணும்.